ஸ்பீக்கர் வாங்கிய கதையும் கற்ற பாடமும்

(கிளைச் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்களுக்கும் பிரயோஜனப்படும் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)

 

போன மாதம் காரியதரிசி போன் செய்து, "மாமா, இந்தத் தடவை நீங்கதான் பேசணும்" என்றார். இந்த மேடையில் வழக்கமாகப் பேசுகிறவர்கள் உபநிஷத்தையும் ராமாயணத்தையும் கரைத்துக் குடித்தவர்கள். நானோ டெலிபோன் இலாகாவில் 34 வருஷம் கம்பியோடும் கம்பத்தோடும் மாரடித்தவன். "எனக்கு என்ன தெரியும், என்னை விட்டுடுங்கோ" என்றேன். "ஸ்பீக்கர் வாங்கறதைப் பத்திச் சொல்லுங்கோ. எல்லாரும் உங்களைத்தானே கேக்கறா" என்றார்.

அது நிஜம்தான். நம்மவர்களில் பலர் ரிடையர் ஆனதும் செய்ய நினைக்கிற முதல் காரியம், காசிக்குப் போய்விட்டு வருவது. இரண்டாவது, நல்ல ம்யூசிக் சிஸ்டம் ஒன்று வாங்கி ஹாலில் வைத்து ஆற அமரக் கச்சேரி கேட்பது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையும் "அப்பா, நல்லதா வாங்கிக்கோ, பணத்தைப் பத்திக் கவலைப்படாதே" என்று சொல்லிவிடுகிறான். கடைக்குப் போனால் இடுப்பு உயரத்துக்கு இரண்டு கோபுரங்களை நிறுத்திவைத்து, தரையில் நிற்கும் ஸ்பீக்கர் என்கிறான். ஜோடி விலை பல லட்சம் வரை போகிறது. எதை வாங்குவது என்று தலை சுற்றுகிறது.

நான் இதில் நிபுணன் அல்ல. ஒரு தடவை தப்பாக வாங்கி, 75 ஆயிரம் ரூபாய் நஷ்டப்பட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்றை இழக்கப் பார்த்து, பிறகு சரியாக வாங்கினவன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

அப்பாவும் இருநூறு கேஸட்டும்

2014-ல் அம்மா காலமானார். பாலக்காட்டில் தனியாக இருந்த அப்பாவை மும்பைக்கு அழைத்து வந்தோம். அப்போது அவருக்கு 82 வயது. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். சங்கீதம் கற்றுக்கொண்டவர் இல்லை. ஆனால் கல்பாத்தியிலும் சுற்று வட்டாரத்திலும் அவர் கேட்காத கச்சேரி கிடையாது. பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கியே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்ததைச் சொல்லி, "மைக் இல்லாமக் கேட்ட மிருதங்கம்தான் மிருதங்கம்" என்பார். அவர் வந்தபோது கொண்டு வந்த சாமான் ஒரு பெட்டி, ஒரு கையடக்க டிரான்சிஸ்டர், ரேடியோவிலிருந்து பதிவு செய்த இருநூறு கேஸட். அவ்வளவுதான்.

மும்பையில் அவருக்குப் பேச்சுத் துணை இல்லை. கீழே இறங்கினால் பாஷை புரியாது. எனக்கு மனசு கேட்கவில்லை. கேஸட் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். 2016-ல் ஒரு பெரிய கடைக்குப் போய், 1,65,000 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 8 அங்குல வூஃபர் இரண்டு. கடையில் ஏதோ இங்கிலீஷ் சினிமாவிலிருந்து ஒரு வெடிச் சத்தம் போட்டுக் காட்டினார்கள். நாற்காலி அதிர்ந்தது. சட்டை நடுங்கியது. "இதுதான் வேணும்" என்று சொல்லிவிட்டேன். கடைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் கேட்கப் போவது கர்நாடக சங்கீதம் என்று அவரிடம் சொல்லவே இல்லை.

வீட்டில் வைத்து, அப்பாவை நடுவில் உட்கார வைத்து, எம்.டி. ராமநாதன் கச்சேரி போட்டேன். பத்து நிமிஷம் கேட்டார். "நன்னாயிருக்குடா" என்றார். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தால், கட்டிலில் படுத்துக்கொண்டு டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக் கொண்டிருக்கிறார்.

ஒரு மாதம் பொறுத்தேன். ஒரு நாள் வாய் தவறிவிட்டது. "ஒண்ணரை லட்சத்துக்கு மேல போட்டு உங்களுக்காக வாங்கியிருக்கேன். நீங்க என்னடான்னா அந்த ஓட்டை டப்பாவைக் கட்டிண்டு இருக்கேள்" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டிரான்சிஸ்டரை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அதையும் அவர் எடுக்கவில்லை, இதையும் கேட்கவில்லை. வீட்டில் பாட்டே இல்லை.

என் சம்சாரம்தான் கடைசியில் சொன்னாள்: "அப்பா மேல கோச்சுக்கறதுக்கு முன்னாடி, அவர் உக்கார்ற இடத்துல நீங்க உக்காந்து ஒரு தடவை கேளுங்கோ." உட்கார்ந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. மிருதங்கத்தின் இடந்தலை விழும்போதெல்லாம் அறை முழுவதும் 'கும்' என்று ஒரு வண்டி போகிறது. அந்தக் கும்மில் பாடகரின் குரல் அமுங்கிப் போகிறது. சாகித்யத்தில் ஒரு வார்த்தை புரியவில்லை. பிறகு டிரான்சிஸ்டரை எடுத்துக் கேட்டேன். ஒலி தகரம் மாதிரிதான். ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. கீழ் ஒலிகளே அதில் வராது, அதனால் குரலை மறைக்க ஒன்றும் இல்லை.

கனமான கீழ் ஒலி தனக்கு மேலே உள்ள ஒலிகளை மறைக்கும். இது காதின் சுபாவம். வயதானவர்களின் காதில் இந்த மறைப்பு இன்னும் ஜாஸ்தி. நான் இதை வாங்கிய பிறகு தெரிந்துகொண்டேன். நீங்கள் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

அறையை அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள்

கடையில் நன்றாக இருந்த ஸ்பீக்கர் வீட்டில் ஏன் கெட்டுப் போயிற்று? ஸ்பீக்கரில் கோளாறு இல்லை. அறையோடு அது சேரவில்லை.

எதிரெதிராக இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவில், ஒரு குறிப்பிட்ட கீழ் ஒலி மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப மோதிப் பெரிதாகும். எந்த ஒலி என்று கண்டுபிடிக்கச் சுலபமான கணக்கு உண்டு. ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 1,130 அடி போகும். அதில் பாதி 565. இந்த 565-ஐ அறையின் நீளத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். எங்கள் ஹால் 14 அடி நீளம், 10 அடி அகலம், 9½ அடி உயரம். 14-ஆல் வகுத்தால் சுமார் 40 ஹெர்ட்ஸ். 10-ஆல் வகுத்தால் 56. உயரம் 9½-ஆல் வகுத்தால் 59. கடைசி இரண்டையும் பாருங்கள், 56-ம் 59-ம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில் முழங்குகின்றன. இவற்றின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் சிறிய முழக்கம் இருக்கும். இப்படிப்பட்ட அறையில் 30 ஹெர்ட்ஸ் வரை பலமாக இறங்கும் ஸ்பீக்கரை வைத்தால், அது அறையைத்தான் வாசிக்கும், மிருதங்கத்தை அல்ல.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தால் நல்லது. சதுரமான அறை உசிதம் இல்லை. பெங்களூரிலும் ஹைதராபாதிலும் 20 அடி ஹால் கட்டியிருப்பவர்கள் பாக்கியசாலிகள். பெரிய ஸ்பீக்கர் அங்கே சுகமாக மூச்சு விடும். மும்பை, கல்கத்தா ஃப்ளாட் வாசிகள் 150 சதுர அடிக்குக் குறைவான அறையில், மெலிந்த உடம்போடு, 5 அல்லது 6½ அங்குல வூஃபர் உள்ளதை எடுத்தால் போதும். அதற்கும் சிறிய அறை என்றால், தரையில் நிற்பதே வேண்டாம். ஸ்டாண்டில் வைக்கும் சிறிய ஜோடி மேல்.

"அப்படியானால் நிற்கும் ஸ்பீக்கரால் என்ன லாபம்?" என்று கேட்கலாம். பெட்டி பெரிது என்பதால், அதிகம் சிரமப்படாமல் கீழ் ஒலியைக் கொடுக்கும். சிறிய ஸ்பீக்கருக்கும் ஸ்டாண்ட் வேண்டும். அந்த ஸ்டாண்ட் எடுத்துக்கொள்ளும் தரையைத்தான் இதுவும் எடுத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். உயரம் அந்தஸ்து அல்ல.

நம் சங்கீதத்துக்கு எவ்வளவு கீழே போக வேண்டும்?

இங்கேயும் ஒரு கணக்கு. ஒரு கட்டை ஸ்ருதியில் பாடுகிற ஆண் பாடகரின் மத்திய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அவருடைய தம்புராவின் மந்தர ஷட்ஜக் கம்பி அதில் பாதி, சுமார் 65. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் ஷட்ஜம் 196. ஆகவே 45 அல்லது 50 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் ஸ்பீக்கர் நம் கச்சேரிக்குத் தாராளம். 20 ஹெர்ட்ஸ் வரை போகும் என்பதற்காகக் கூடுதலாக ஐம்பதாயிரம் கொடுப்பது, மேல்நாட்டு ஆர்கனும் சினிமா வெடியும் கேட்பவர்களுக்கு. நமக்கு அது தண்டம்.

நமக்கு முக்கியம் நடுப்பகுதி. குரலும் வயலினும் வீணையும் அங்கேதான் இருக்கின்றன. தம்புராவின் உயிரும் அங்கேதான். சர் சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது, 1921-ல் தம்புரா, வீணை பற்றி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். சாதாரணக் கம்பியில், எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அதைப் பொறுத்துச் சில மேல் ஒலிக்கூறுகள் இல்லாமல் போகும். தம்புராவிலும் வீணையிலும் குதிரை வளைந்திருப்பதால் அந்த விதி பொய்த்துப் போகிறது, எல்லாக் கூறுகளும் ஒலிக்கின்றன என்று காட்டினார். தம்புராவில் ஜீவா நூல் செய்கிற மாயமும் இதுதான். அதற்கு முன் வருஷம், மிருதங்கம் போன்ற வாத்தியங்களில் கரணை இருப்பதால்தான் தோல் ஒலி ஸ்வரமாகக் கேட்கிறது என்பதையும் எழுதியிருந்தார். நம் வாத்தியங்களின் அழகு, இப்படி அடுக்கடுக்காக எழும் மேல் ஒலிகளில் இருக்கிறது. அவற்றை ஏற்றாமல் குறைக்காமல் தருகிற ஸ்பீக்கர்தான் நமக்கு நல்ல ஸ்பீக்கர்.

விளம்பரத் தாளில் என்ன பார்க்க வேண்டும்?

வாட்ஸ் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். 200 வாட்ஸ் என்று போட்டிருந்தால், அவ்வளவு தாங்கும் என்று அர்த்தமே தவிர, அவ்வளவு சத்தம் கொடுக்கும் என்று அர்த்தம் இல்லை.

பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் வருகிறது என்பது. 87 என்பது நடுத்தரம். 90 இருந்தால், அதே சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் பாதி சக்தி கொடுத்தால் போதும், ஏனென்றால் 3 டெசிபெல் என்பது இரண்டு மடங்கு சக்தி. நாம் ஒரு மீட்டர் தூரத்தில் பேசுவது சுமார் 60 டெசிபெல். இதை வைத்துப் பார்த்தால், வீட்டில் கச்சேரி கேட்கும்போது பெரும்பாலான நேரம் ஒன்றிரண்டு வாட்ஸ்தான் செலவாகிறது. தனி ஆவர்த்தனத்தில் திடீரென்று விழும் அடிக்காகக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். நல்ல 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் நம் ஹாலுக்குப் போதும். ஆனால் சிறிய ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் திருகிக் கத்த விட்டால் ட்வீட்டர் எரிந்து போகலாம்.

அடுத்தது இம்பீடன்ஸ். 8 ஓம், 6 ஓம், 4 ஓம் என்று போட்டிருப்பார்கள். 4 ஓம் ஸ்பீக்கர் அதிகக் கரண்ட் இழுக்கும். வீட்டில் ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அது 4 ஓம் தாங்குமா என்று அதன் முதுகில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்று பார்க்க வேண்டும். வூஃபரைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ரப்பரா, நுரையா? நுரை வளையம் நம் ஈரக் காற்றில் பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ரப்பர் நீடித்து உழைக்கும். இந்த வயதில் வாங்குவதைப் பேரனுக்கும் விட்டுப் போக வேண்டாமா?

கடையில் எப்படிக் கேட்பது?

முதல் விதி: உங்கள் பாட்டை நீங்கள் கொண்டு போங்கள். கடைக்காரர் போடுவது அவர் ஸ்பீக்கருக்குப் பொருத்தமான பாட்டு. நான் இப்போது யாருடன் போனாலும் நாலு பதிவு எடுத்துப் போகிறேன்.

ஒன்று, எம்.எஸ். அம்மாவின் விஷ்ணு ஸஹஸ்ரநாமம். நமக்கு ஒவ்வொரு நாமாவும் மனப்பாடம். எந்த இடத்தில் எழுத்து மழுங்குகிறது என்று உடனே தெரிந்துவிடும். இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

இரண்டு, பழைய மோனோ பதிவு ஒன்று. ஸ்டீரியோ இல்லாததை எதற்கு என்று கேட்காதீர்கள். மோனோ பதிவில் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். குரல் அகலமாகப் பரவியோ, ஒரு பக்கம் சாய்ந்தோ வந்தால், ஜோடி சேரவில்லை அல்லது வைத்த இடம் சரியில்லை. நம்மிடம் உள்ள பழைய பொக்கிஷங்கள் பெரும்பாலும் மோனோதானே!

மூன்று, தனி ஆவர்த்தனம். இடந்தலை அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்று அடங்க வேண்டும். இழுபடக் கூடாது.

நாலு, வெறும் தம்புரா இரண்டு நிமிஷம். கேட்கக் கேட்க மனசு அடங்கினால் சரி. காது கூசினால் ட்வீட்டர் உங்களுக்கு ஒத்துவராது.

இரண்டாவது விதி: இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் உரக்கக் கேட்பதெல்லாம் நன்றாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும்.

மூன்றாவது: கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும், கண்ணுக்குத் தெரியும்படி வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டு கேட்டபோது மதிப்பெண் மாறிவிட்டது. பெயரும் உருவமும் காதை ஏமாற்றிவிட்டன. அனுபவம் உள்ளவர்களுக்கே அந்த கதி என்றால், வெடிச் சத்தத்தில் சட்டை நடுங்கிய நான் எம்மாத்திரம்?

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியம்: இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு தருகிற கடைகள் உண்டு. தராத இடத்தில், சரியில்லாவிட்டால் மாற்றித் தருவேன் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் எப்படி வைப்பது?

இதற்குப் பணம் செலவில்லை, பலனோ பாதிக்குப் பாதி. பின்சுவரிலிருந்து 2 அடியாவது தள்ளி வையுங்கள். பெட்டியின் பின்னால் காற்றுத் துவாரம் இருந்தால் இது கட்டாயம். மூலையில் ஒட்டினால் 'கும்' நிச்சயம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள தூரமும், அவற்றிலிருந்து உங்கள் நாற்காலிக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். உங்கள் தலையைப் பின்சுவரில் சாய்த்து உட்காராதீர்கள்; அங்கே கீழ் ஒலி எப்போதும் ஜாஸ்தி.

ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். இந்த ஸ்பீக்கர்களில் அது மூன்று, மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். சோஃபாவில் உட்காருகிறவர்களுக்காகச் செய்தது. நம்மில் சிலர் இன்னும் தரையில் சம்மணம் போட்டுத்தான் கேட்போம். அப்போது காது இரண்டரை அடிக்குக் கீழே போய்விடும். ஒன்று, நாற்காலிக்கு மாறுங்கள். அல்லது ஸ்பீக்கரின் முன்பக்கம் சற்றே குனியும்படி பின்காலை உயர்த்துங்கள், விழாமல் பார்த்துக்கொண்டு. ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கேட்கிறவர்களுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

டைல்ஸ் போட்ட தரையும் வெறும் சுவரும் ஒலியைக் கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே கெட்டியான ஜமக்காளம் ஒன்று விரியுங்கள். புஸ்தக அலமாரி ஒன்று சுவரை ஒட்டி இருந்தால் ரொம்ப விசேஷம். கீழ் வீட்டுக்காரர் மன நிம்மதிக்கு, கூர் ஆணிக்குப் பதிலாக ரப்பர் பாதம் வையுங்கள். பேரக்குழந்தைகள் வரும் வீட்டில் முன்பக்கத் துணி மூடியை எடுக்கவே வேண்டாம். ட்வீட்டரைப் பார்த்தால் குழந்தைக்கு விரல் சும்மா இராது.

ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் நம் அறைக்கு நன்றாகப் போதும். 34 வருஷம் கம்பியோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டுவதில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு பக்கம் மாறிவிட்டால் கீழ் ஒலி காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

மறுபடி வாங்கினேன்

பழைய ஜோடியை 90 ஆயிரத்துக்கு விற்றேன். வாங்கியவர் தானாவில் 22 அடி ஹால் வைத்திருந்தார். அங்கே அதே ஸ்பீக்கர் அற்புதமாகப் பாடியது. பிறகு 72 ஆயிரத்தில் மெலிந்த ஜோடி ஒன்றை, இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்ட பிறகு வாங்கினேன்.

அந்த இரண்டாம் நாள், அப்பாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. நான் பாட்டுக்கு அவருடைய பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொடையில் விரல் தாளம் போட ஆரம்பித்தது. ஆலாபனை முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "தம்புரா பஞ்சமம் கொஞ்சம் இறங்கியிருக்கு, கேட்டியோ?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குறை சொல்லும் அளவுக்கு அவருக்குக் கேட்டிருக்கிறது!

ஆனால் கதை இதோடு முடியவில்லை. அதன் பிறகும் சில நாள் "வார்த்தை புரியலைடா" என்பார். ஒரு காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். பரிசோதித்துக் கோடு போட்டுக் காட்டினார்கள். 1,000 ஹெர்ட்ஸ் வரை சுமாராக இருந்த காது, 2,000-க்கு மேல் சரிவாக இறங்கிப் போயிருந்தது. உயிரெழுத்தின் ஒலி பெரும்பாலும் கீழே இருக்கிறது. ச, த, ஸ போன்ற எழுத்துகளின் கூர்மை மேலே இருக்கிறது. அதனால் குரல் கேட்கும், வார்த்தை கேட்காது. நாங்கள் எல்லாரும் இரண்டு வருஷமாக "அப்பாவுக்கு மறதி வந்துடுத்து, சொன்னதைக் காதுல வாங்கிக்கறதில்லை" என்று பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு மறதி இல்லை. நாங்கள் பேசியதில் பாதி அவருக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, அறையில் போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறார்.

காது மெஷின் வைத்தார்கள். முதலில் "கரகரங்கறது" என்று கழற்றி எறிந்தார். பாட்டுக்கென்று தனி அமைப்பு வைத்துக் கொடுத்ததும், சாயந்திரம் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார். அந்த ஒரு மணி நேரம், கடைசி இரண்டரை வருஷம், நானும் அவரும் சேர்ந்து இருநூறு கேஸட்டையும் கேட்டு முடித்தோம். சிலதை இரண்டு தடவை. எந்த ஊர், எந்த வருஷம், யார் பக்கவாத்தியம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதினேன். 2019-ல் காலமானார். நோட்டு என்னிடம் இருக்கிறது.

ஆகவே நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள், முதலில் கேட்கப் போகிறவரின் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அறுபது தாண்டிய நமக்கும் சேர்த்துத்தான். அடுத்து அறையை அளந்துகொள்ளுங்கள். மூன்றாவதாகக் கடைக்குப் போங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பணம் போனது பெரிதில்லை. அப்பாவிடம் அன்றைக்குச் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. பிற்பாடு ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். "என்ன சொன்னே? எனக்குக் கேக்கலையே" என்றார். மெஷின் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

புதிதாக வாங்க நினைக்கும் அங்கத்தினர்கள் யாரும் உங்கள் பதிவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வரலாம். கேட்டுப் பார்க்கலாம், காபியும் உண்டு.